ஆட்டு ரத்தத்தின் பின்னாலேயே ஓடுவோம், வாங்க!

திருச்சி கைலாசபுரத்துக்காரர்களிடம் போய் பாய்லரைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. 1965 முதல் பெல் ஆலை அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது! ஆனால் டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்து கூத்தைப்பார், சூரியூர்ப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். பேச்சே மாறிவிடும். சினை மாடு, கிடாக்குட்டி, ஜல்லிக்கட்டுக் காளை. டவுன்ஷிப் காபிக்குப் பாலும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குக் கறியும் அந்தப் பக்கத்து உபயம். பொங்கல் நேரத்தில் பெரிய சூரியூர் வாடிவாசலில் திமிலைச் சிலுப்பும் காளைகளுக்கும் அதுதான் மண்.

அந்தக் காளை, கறவை, வெள்ளாடுகளின் கழுத்திலிருந்து அவ்வப்போது கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம்? அந்தக் குழாய் எங்கே போகிறது, அதற்கு என்ன ஆகிறது என்று நமக்கு யாரும் சொல்வதே இல்லை. சொல்லாவிட்டால் என்ன, நாமே எட்டிப் பார்த்துவிடுவோம்! ஒரு சுண்டெலி, காரமான ஒரு வேர், கொஞ்சம் பால் பவுடர், சில சொட்டு அமிலம்... இத்தனையும் சேர்ந்துதான் ஒரு வெள்ளாட்டின் பழைய கதையை வெளியே கொண்டுவருகின்றன. சத்தியமாகத்தான் சொல்கிறேன்!

ஒரு டீஸ்பூன் போதும்

ஆட்டைப் பிடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆட்டுக்காரர் அதன் உடம்பைத் தன் காலோடு அணைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் கழுத்தின் கீழ்ப்பக்கம் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். கழுத்துச் சிரை சட்டென்று புடைத்துக்கொண்டு எழும். ஊசி உள்ளே, ரத்தம் குழாயில், விரல் வெளியே. அவ்வளவுதான்! ஆடு ஒருமுறை கத்திவிட்டு வேலியோரம் மேயப் போய்விடும். கவலை எல்லாம் அதை வளர்ப்பவருக்குத்தான்.

“இம்புட்டு ரத்தத்தை எடுத்தா குட்டி இளைச்சுப் போயிடாதா டாக்டரய்யா?”

“இருபத்தஞ்சு கிலோ ஆட்டுக்கு உடம்புல கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் லிட்டர் ரத்தம் ஓடுதும்மா. நான் எடுத்தது அஞ்சு மில்லி. ஒரு டீஸ்பூன்.”

இனி குழாயின் மூடியைக் கவனியுங்கள், கதை அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. சிவப்பு மூடி என்றால் உள்ளே ரத்தத்தை உறைய விடுவார்கள். குழாயைச் சாய்த்து நிழலில் வைத்தால் கட்டி ஒதுங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிநீர் நிற்கும். சீரம்! நோயை எதிர்க்க உடல் செய்துவைத்த ஆன்டிபாடி எல்லாம் இதற்குள்தான் மிதக்கிறது. கத்தரிப்பூ நிற மூடி என்றால் உள்ளே இ.டி.டி.ஏ. என்ற மருந்து, அதில் ரத்தம் உறையாது. வைரஸையே நேராகத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு இந்தக் குழாய்.

எதற்கு இரண்டு? காய்ச்சல் அடிக்கும் முதல் சில நாட்களில் வைரஸ் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஆன்டிபாடியைத் தேடினால் கை காலியாகத்தான் திரும்பும். ஒரு வாரம், பத்து நாள் போனால் நிலைமை தலைகீழ். வைரஸ் கரைந்துபோகும், ஆன்டிபாடி எழும்பி நிற்கும். “எத்தனை நாளாத் தீனி எடுக்கலை?” என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்காகத்தான். எந்த மூடிக் குழாயை எடுப்பது என்பதே உங்கள் பதிலைப் பொறுத்தது.

இதிலும் விதிவிலக்காக நிற்கிற வைரஸ் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்ததும் கொசு போன்ற குட்டி ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும்; அவை செம்மறிகளைக் கடித்துப் பரப்புவது நீலநாக்கு நோய். 1997–98 இல் தமிழகச் செம்மறி மந்தைகளைப் புரட்டிப்போட்டது. நம் மாவட்டத்தின் பெயரையே சூட்டிக்கொண்ட திருச்சி கறுப்பு ஆடு வளர்ப்பவர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டிய நோய் இது. இதன் வைரஸ் செவ்வணுக்களோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். சீரத்தை மட்டும் பிரித்து அனுப்பினால் ஆளைப் பிடிக்க முடியாது. முழு ரத்தம் வேண்டும்.

குழாயைக் குலுக்கவும் கூடாது. குலுக்கினால் செவ்வணு உடைந்து சீரம் சிவந்துவிடும். சிவந்த சீரத்தை ஆய்வகத்தில் யாரும் விரும்புவதில்லை. மஞ்சள் காது வில்லையின் 12 இலக்க எண்ணைக் குழாயில் எழுதியாயிற்றா? பெட்டியை மூடுங்கள், கிளம்பலாம்!

தொண்ணூற்றாறு குழிகளில் ஒரு நாடகம்

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் எல்லோர் கண்ணும் போகிற இடம் ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு. பணியாரக் கல்லைக் கைப்பேசி அளவுக்குச் சுருக்கி, எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்று குழி போட்டால் எப்படி இருக்கும், அப்படி. மொத்தம் 96. இதில் நடக்கும் சோதனைக்குப் பெயர் எலைசா. 1971 இல் சுவீடனில் எங்வாலும் பெர்ல்மானும் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் நெதர்லாந்தில் வேறொரு குழுவும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. மனிதருக்கு எச்.ஐ.வி., டெங்கு என்று பார்ப்பதும் இதே முறைதான். ஆடு நமக்கு ஒன்றும் சளைத்ததில்லை!

ஆட்டுக்கொல்லி நோய்க்கான சோதனையையே பார்ப்போம். குழிகளின் அடியில் அந்த நோயின் வைரஸ் புரதத்தை முதலில் ஒட்டவைக்கிறார்கள். புரதம் ஒட்டாத காலி இடத்தில் வேறு ஏதாவது வந்து ஒட்டிக் கணக்கைக் குழப்பிவிடக் கூடாதே! அதை அடைப்பதற்குப் பல ஆய்வகங்கள் கரைத்து ஊற்றுவது கொழுப்பு நீக்கிய பால் பவுடர். ஆட்டைச் சோதிக்க மாட்டின் பால். கேட்கவே குதூகலமாக இல்லை?

இப்போது போட்டி ஆரம்பம். ஆட்டின் சீரம் ஒரு பக்கம். சுண்டெலியின் உதவியோடு ஆய்வகம் தயாரித்த ஆன்டிபாடி மறுபக்கம். இரண்டையும் ஒரே குழியில் விடுகிறார்கள். இரண்டுக்கும் கண் ஒரே நாற்காலி மேல்தான். ஆட்டின் ரத்தத்தில் ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தால் அது இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிடும். சுண்டெலி ஆன்டிபாடி நின்றுகொண்டே இருக்கும். கழுவிக் கொட்டினால் நிற்பவர் வெளியே!

கழுவுவது சாதாரண வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவி, கவிழ்த்து, உறிஞ்சு தாள்மேல் டக் டக்கென்று தட்டுகிறார்கள். ஒரு துளி பழைய நீர் தங்கினாலும் பொய் நிறம் வந்துவிடும். எலைசா நடக்கும் அறையை அந்தத் தட்டல் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து, சுண்டெலி ஆன்டிபாடியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு ஆன்டிபாடி. அதன் முதுகில் ஒரு நொதி சவாரி செய்கிறது. அந்த நொதி கிடைப்பது ஐரோப்பியர்கள் துருவித் தொட்டுக்கொள்ளும் குதிரை முள்ளங்கி என்ற காரமான வேரிலிருந்து! கடைசியில் நிறம் கொடுக்கும் கரைசலை ஊற்றிவிட்டு, எல்லோரும் தட்டையே முறைத்துப் பார்க்கிறார்கள். நொதி இருக்கிற குழியில் நிறம் மெல்ல ஏறும். சரியான நேரத்தில் அமிலம் விட்டு அதை அப்படியே நிறுத்திவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் முதல்முறை பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். பளிச்சென்று நிறம் வந்த குழி, ஆட்டிடம் ஆன்டிபாடி இல்லாத குழி. வெளிறிக் கிடக்கிறதே, அந்த ஆடுதான் வைரஸையோ தடுப்பூசியையோ முன்பே பார்த்த ஆடு. நிறத்தை அளந்து சொல்ல ஒரு கருவி இருக்கிறது. கண்ணை நம்பித் தீர்ப்பு எழுதுவதில்லை. தட்டில் சில குழிகள் விடை தெரிந்த சீரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றின் விடை பிசகினால் மற்ற எல்லாக் குழிகளின் விடையும் குப்பைக்கு. மறுபடி முதலிலிருந்து!

குப்பைக்கும் இங்கே மரியாதை உண்டு. தொற்று இருக்கக்கூடிய எதையும் அப்படியே வெளியே போட முடியாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வேகவைத்த பிறகுதான் வாசல் தாண்டும். நீராவியின் மகிமையைக் கைலாசபுரத்துக்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டுமா என்ன!

அரசூர் என்ற ஊரும் ஒரு வைரஸும்

ஆட்டுக்கொல்லி நோய் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942 இல் முதலில் விவரிக்கப்பட்டது. கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல், பிறகு மந்தையே காலி. மாட்டைக் கொன்று குவித்த வெக்கை நோயின் பங்காளி இந்த வைரஸ். ஆட்டுக்கு இந்தக் குறிகள் வந்தால் வெக்கை என்றே முன்பு முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த மயக்கம் தெளிந்தது எங்கே தெரியுமா? நம் தமிழ்நாட்டில்! 1987 இல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் அரசூரில் செம்மறிகளுக்கு வந்தது வெக்கை இல்லை, ஆட்டுக்கொல்லி நோய் என்று உறுதியானது. இந்தியாவில் அதுவே முதல் பதிவு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் உடன் உழைத்தவர்களும் 1989 இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. அந்த ஊரின் வைரஸையே வளர்த்து, வீரியத்தை அடக்கி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி ஆக்கியது. அந்த வைரஸின் பெயர் ‘அரசூர் 87’. ஊர்ப் பெயரோடு ஒரு வைரஸ் வில்லனாக அறிமுகமாகி, அதே பெயரில் காவலாகத் திரும்பி வந்த கதை இது!

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. இது உயிருள்ள தடுப்பூசி. அது தரும் ஆன்டிபாடியும் நோய் தரும் ஆன்டிபாடியும் எலைசாத் தட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே “இந்த ஆட்டுக்கு ஊசி போட்டாச்சா, எப்போ?” என்ற கேள்விக்கு ரத்தம் பதில் சொல்லாது; காது வில்லையும் பதிவேடும்தான் சொல்ல வேண்டும். சமயபுரம் ஆட்டுச் சந்தையில் கை மாறி வந்த கிடாவின் முன்கதை தெரியாவிட்டால், அருமையாக வந்த சோதனை முடிவும் பாதி பேசிவிட்டு நின்றுவிடும்.

ஊசியா, நோயா? கோமாரி விட்ட சவால்

கோமாரியில் விஞ்ஞானிகள் அந்தச் சிக்கலையே மடக்கிவிட்டார்கள். எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது!

முதலில் கோமாரியின் ஜாதகம். 1898 இல் ஜெர்மனியில் லோஃப்ளரும் ஃப்ராஷும், பாக்டீரியாவைப் பிடித்துவைக்கும் வடிகட்டியையும் தாண்டிப் போகும் ஏதோ ஒன்றுதான் இந்த நோயைத் தருகிறது என்று காட்டினார்கள். விலங்குகளில் அடையாளம் காணப்பட்ட முதல் வைரஸ் அதுதான். உலகில் இதற்கு ஏழு வகை. நம் நாட்டுத் தடுப்பூசி ஓ, ஏ, ஆசியா 1 என்ற மூன்றுக்கும் சேர்த்து வருகிறது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி.

சரி, ஊசி போட்ட மாட்டுக்கும் ஆன்டிபாடி இருக்கும், நோய் வந்து தேறிய மாட்டுக்கும் இருக்கும். எப்படிப் பிரிப்பது? இங்கே தடுப்பூசி கொன்ற வைரஸில் செய்யப்படுவது. சுத்திகரித்த பிறகு அதில் மிஞ்சுவது வைரஸின் உறைப் புரதம். உயிருள்ள வைரஸோ மாட்டின் உடலுக்குள் பெருக வேண்டும். பெருகும்போது உறையில் சேராத வேறு சில புரதங்களையும் செய்தே தீரும். ஆகவே அந்தக் கூடுதல் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால், அந்த மாடு உண்மையான வைரஸோடு மல்லுக்கட்டியிருக்கிறது. உறைக்கு எதிரானது மட்டும் இருந்தால், அது ஊசியின் வேலை. என்ன ஒரு தந்திரம்!

இந்தச் சோதனையை இந்திய விஞ்ஞானிகளே ‘3ஏபி3’ என்ற புரதத்தை வைத்து உருவாக்கினார்கள். புவனேசுவரத்தில் உள்ள தேசியக் கோமாரி நோய் நிறுவனம் இப்போது இந்தப் பணிக்குத் தலைமை. ஊசி போடும் முன் ஒரு முறை, போட்டு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்து, மூன்று வகைக்கும் எதிர்ப்பு எவ்வளவு ஏறியது என்று தனித்தனியாக அளக்கிறார்கள். மணப்பாறை மாட்டுச் சந்தையில் தோளோடு தோள் உரசி நிற்கும் மாடுகளில் எது கோமாரியைத் தாண்டி வந்தது என்று பல்லைப் பிடித்துப் பார்த்தால் தெரியாது. ரத்தம் சொல்லிவிடும்.

கருவியே வேண்டாம், கோழி ரத்தம் போதும்!

இதுவரை பார்த்தது எல்லாம் கொஞ்சம் விலை பிடித்த விளையாட்டு. நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கு வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. அதன் முடிவைப் படிக்கக் கண் மட்டும் போதும்.

நோய், கோழிகளைச் சுருட்டிப்போடும் வெள்ளைக்கழிச்சல். 1927 இல் இமயமலைப் பகுதியின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். இந்த வைரஸைக் கோழியின் செவ்வணுக்களோடு கலந்தால் அணுக்களைக் கைகோக்க வைத்துவிடும். குழியின் அடி முழுக்க மெல்லிய சிவப்புப் படலமாகப் படரும். வைரஸுக்கு இந்த வித்தை தெரியும் என்பதை 1941 இல் ஜார்ஜ் ஹெர்ஸ்ட் இன்ஃப்ளூயன்சாவில் கண்டார்.

இப்போது கோழியின் இறக்கைச் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தின் சீரத்தை முதலில் வைரஸோடு சேர்க்கிறார்கள். ஆன்டிபாடி இருந்தால் வைரஸைக் கட்டிப்போடும். செவ்வணுக்கள் கைகோக்க ஆள் இல்லாமல் சரிந்து, குழியின் நடுவில் அழகான சிவப்புப் பொத்தானாக விழும். சீரத்தை ஒவ்வொரு குழிக்கும் பாதி பாதியாக நீர்க்க வைத்துக்கொண்டே போவார்கள். பொத்தான் எத்தனையாவது குழிவரை விழுகிறதோ அவ்வளவு பலம் அந்தக் கோழிக்கு! அன்றைக்கே விடை கிடைத்துவிடும். அடுத்த ஊசியை எப்போது போடுவது என்று பண்ணைக்காரர் முடிவு செய்வது அந்தப் பொத்தான் வரிசையைப் பார்த்துத்தான்.

“இல்லை” என்று நிரூபித்த ரத்தம்

இத்தனை குழி, கழுவல், தட்டல் எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் வெக்கை நோய். ராணிப்பேட்டையில் 1932 இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்துக்கு அன்று வைத்த பெயரே சீரம் இன்ஸ்டிடியூட். வெக்கையை அடக்கும் சீரம் தயாரிப்பதே அதன் முதல் வேலை. இந்தியாவின் கடைசி வெக்கை நோயும் 1995 இல் அதே வட ஆற்காடு வட்டாரத்தில்தான் பதிவானது.

அதற்குப் பிறகு நோய் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? எங்கோ ஒரு மந்தையில் ஒளிந்திருந்தால்? தடுப்பூசியை நிறுத்திவிட்டு, ஊசியே போடாத இளம் மாடுகளின் ரத்தத்தை நாடு முழுக்கத் தேடித் தேடிச் சோதித்தார்கள். அவற்றில் ஆன்டிபாடி இல்லையென்றால் அவை வைரஸைப் பார்த்ததே இல்லை என்று பொருள். இப்படித் திரட்டிய சான்றின் பேரில் 2006 இல் இந்தியா வெக்கையற்ற நாடு என்ற தகுதியைப் பெற்றது. 2011 இல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் பூமியிலிருந்து ஒழித்த இரண்டாவது நோய் இதுதான். ஊசி நோயை விரட்டியது. விரட்டியாயிற்று என்று கையெழுத்துப் போட்டது ரத்தம்.

இப்போது வரிசையில் நிற்பது ஆட்டுக்கொல்லி. 2030 க்குள் அதையும் உலகிலிருந்து ஒழிப்பது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன.

ஆகவே கைலாசபுரத்தைச் சுற்றி ஆடு மாடு வைத்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே! ரத்தம் எடுக்க ஆள் வந்தால் ஆட்டைப் பட்டிக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். காது வில்லையைக் கழற்றாதீர்கள். ஊசி போட்ட தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுங்கள். காய்ச்சல் கண்ட அன்றே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்; வளர்ப்பு பற்றிச் சந்தேகம் என்றால் கொட்டப்பட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ரத்தம் கொடுத்த ஆட்டுக்கு ஒரு குறையும் வராது. எந்த நோய் என்றே தெரியாமல் விடப்பட்ட மந்தைதான் அழியும்.